கொலைகாரனுக்கு அண்ணன் குரல்

எங்கள் நகரத்தில் பாதி லிஃப்டுகளில் "கதவுகள் மூடுகின்றன" என்று சொல்வது அவர்தான். அதனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். ஆளை நேரில் பார்த்துப் பேசினால் நம்ப முடியாது. சாதாரணப் பேச்சில் அவர் குரல் கரகரத்து, பாதி வாயிலேயே நின்றுவிடும். கடையில் ஒரு பேனா வாங்குவதற்குக்கூட இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். ஒருமுறை ஒரு மருத்துவமனை லிஃப்டில் அவரோடு நின்றிருந்தேன். மூடுகின்றன, மூடுகின்றன என்று கூரையிலிருந்து அவர் குரலே சொல்லிக்கொண்டிருக்க, கதவு மட்டும் அசையவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர் பொறுமையிழந்து அவரிடமே திரும்பி, "வாய்தான் கிழியுது, வேலையக் காணோம்" என்றார்.

"ஆமாங்க, எப்பவும் இப்படித்தான்" என்று லிஃப்ட்காரர் ஒத்துக்கொண்டார்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்பவன். என்னை அவர் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பக்கம் சின்ன அறை. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு, தாள் புரளும் சத்தம் கேட்காமலிருக்க மேசைமேல் ஒரு கம்பளித் துண்டு, ஒரு குடுவை வெந்நீர். விசிறி போட்டால் இரையும் என்பதால் விசிறி கிடையாது. சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுப் பனியனோடுதான் உட்காருவார். ராஜாக்கள், ராணிகள், மந்திரவாதிகள் எல்லோரும் அந்தப் பனியனுக்குள்ளிருந்துதான் பேசுவார்கள்.

இரண்டு பழக்கங்கள் அவருக்கு. ஒன்று, கதையை முன்கூட்டிப் படிக்கமாட்டார். தாள்களைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, கண் விழுந்த கையோடு வாசிப்பார். மற்றவர்கள் வீட்டிலேயே படித்துப் பென்சிலால் கோடு போட்டு வருவார்கள். "முன்னாடியே தெரிஞ்சுட்டா குரல் நடிக்க ஆரம்பிச்சுடும் கண்ணாடி. சாகப்போறவன் சாகப்போற மாதிரியே பேசுவான். எவன் அப்படிப் பேசறான்?" என்பார். முழுக்கதையையும் படித்து, வாயில் நுழையாத பெயர்களைச் சரிபார்த்து வைப்பது என் வேலை. அதனால் என் முகத்தைக்கூட அவர் நம்புவதில்லை. பெரிய சங்கதி வரும் அத்தியாயங்களில் நான் குனிந்து பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அதில் சிரமமில்லை. பொதுவாகவே நான் குனிந்துதான் இருப்பேன்.

இன்னொரு பழக்கம், கதையில் புதிதாக ஒரு ஆள் வாய் திறந்ததும், தனக்குத் தெரிந்த யாரோ ஒருவருடைய குரலை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிடுவார். யோசிப்பதெல்லாம் இல்லை, அந்த முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடும். எங்கள் முதலாளியின் குரலை ஒருமுறை ஒரு மாட்டுத் தரகனுக்குக் கொடுத்தார். முதலாளி கேட்டுவிட்டு, "அந்தத் தரகன் பிரமாதம் சார், எங்க புடிச்சீங்க?" என்றார்.

"இங்கதான் சார், பக்கத்துலயே."

என் குரலை யாருக்கும் கொடுத்ததில்லை. "நீ பேசினாத்தானே எடுக்க" என்பார்.

அந்தப் பெரிய கதை எங்களிடம் வந்தபோது அவருக்கு இந்தப் பழக்கங்கள் ஊறிப்போயிருந்தன. ஐந்து பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். எப்போதும் மழை பெய்கிற ஒரு ராஜ்ஜியம். ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் ஏழு கோட்டைகள். ஆணைக்குக் கொல்லும் ஒரு ரகசியச் சங்கம். அந்தச் சங்கத்தின் ஆள் ஒருவன்தான் நாயகன். கொல்வதற்கு முன் கையில் சாம்பல் பூசிக்கொள்வான், அதனால் அவனுக்குப் பெயர் சாம்பல். கொன்றபின் தூங்கமாட்டான். ஏன் கொன்றோம் என்று பத்துப் பக்கம் யோசிப்பான். யோசித்துவிட்டு அடுத்த ஆணைக்குக் கிளம்புவான்.

ஆனால் கதை இதை உடனே சொல்லிவிடாது. முதல் அத்தியாயத்தில் ஒரு வழிப்போக்கன் கிணற்றடியில் நின்று, யாருடைய குதிரைக்கோ கயிறு இழுத்துத் தண்ணீர் இறைக்கிறான். "குடி. அவசரமில்லை" என்கிறான் குதிரையிடம். அவ்வளவுதான் அவன் பேச்சு. லிஃப்ட்காரர் அந்த இரண்டு சொற்களைப் படித்தபோது தோள் கொஞ்சம் இறங்கியது. அதுவரை நான் கேட்டிராத ஒரு குரல் வந்தது. தாழ்ந்த, மெதுவான, எதையும் கேட்காத குரல்.

அது அவருடைய அண்ணன் குரல். அண்ணன் ஒரு கிடங்கின் எடைமேடையில் வேலை பார்த்தவர். பெரிய பெரிய லாரிகளைக் கையசைத்துப் பின்னால் வரச்சொல்லி, "வா... வா... அவசரமில்ல... போதும்" என்று நிறுத்துவது அவர் வேலை. லாரியிடம் பேசுவதுபோலத்தான் மனிதர்களிடமும் பேசுவாராம். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அண்ணன் மனைவியும் லிஃப்ட்காரரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இவர் மாடியறையில், அண்ணி கீழே. அண்ணி மருத்துவமனைகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவர். தைக்கும்போது லிஃப்ட்காரர் வாசிக்கும் கதைகளைப் பழைய ரேடியோப் பெட்டி ஒன்றில் பென் டிரைவ் செருகிக் கேட்பார்.

"கிணத்தடி வந்ததும் மிஷின் நின்னுடுச்சு. திரும்பிப் பாக்கல. நூலக் கடிச்சாங்க. அப்புறம் 'இன்னொரு தடவ போடு தம்பி, அந்தக் குதிரை வர்ற இடத்த'ன்னாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுது, யாரு குரல எடுத்திருக்கேன்னு" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். சந்தோஷமா பயமா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழு அத்தியாயங்கள் அப்படியே வெளியாயின. எட்டாவதில், மழையில், தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த குதிரைக்காரனை ஓரமாக நிறுத்தி, அந்த வழிப்போக்கன் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டான்.

லிஃப்ட்காரர் அந்த வாக்கியத்தின் நடுவில் நின்றார். நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி."

"சார்."

"இவன் நல்லவன்னு நினைச்சேனே."

"மேல படிங்க சார்."

"மேல படிச்சா கொன்னுடுவான் போலிருக்கே. குதிரைக்குத் தண்ணி குடுத்தவன்ப்பா."

படித்தார். கொன்றான். அண்ணன் குரலில், எடைமேடையில் லாரியை நிறுத்துவதுபோல, "போதும்" என்று சொல்லிக் கொன்றான்.

அன்று மாலை குரலை மாற்றிவிடலாம் என்று முதலாளியிடம் கேட்டுப்பார்த்தார். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். ஏழு அத்தியாயம் வெளியே போயாயிற்று. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல்தான் பிடித்திருக்கிறது. இப்போது மாற்றினால் வேறு ஆள் வந்துவிட்டான் என்று நினைப்பார்கள். "கொலைகாரனுக்கு இவ்வளவு சாந்தமான குரல் குடுக்கணும்னு உங்களுக்கு எப்படி சார் தோணிச்சு? அசாத்தியம்" என்று முதுகில் வேறு தட்டினார்.

லிஃப்ட்காரர் அதன்பிறகு வீட்டுக்குப் பென் டிரைவ் கொண்டுபோக மறந்தார். தினமும் மறந்தார். பதிவு நிற்கிறது, இயந்திரம் பழுது என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒரு மதியம் கூடத்துத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"ஏம்ப்பா, உங்க இயந்திரம் என்ன ஆச்சு?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்வதற்கு முன்னால் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன், அதற்குள் அகப்பட்டுவிடுவேன். "நல்லாத்தான் ஓடுது அண்ணி" என்றேன்.

"அப்ப நீயே கொண்டா. உன் வழிதானே."

அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குள் போனேன். வாசலிலிருந்து பின்கட்டுவரை வெள்ளைத் துணி. மடித்தது, மடிக்காதது, வெட்டியது, வெட்டாதது. நடுவில் தையல் இயந்திரம், அதன் பக்கத்தில் ரேடியோப் பெட்டி. அண்ணி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை அளந்துவிட்டு, உட்காரச் சொல்லித் துணிக்கட்டு ஒன்றைக் காட்டினார். எட்டாவது அத்தியாயம் ஓடியது. கொலை வந்தது. மிதியிலிருந்து அண்ணியின் கால் எடுபட்டது.

"யாரு, இவரா?"

புத்தகத்தில் அவன், இவன் என்றுதான் இருக்கிறது. அண்ணிக்கு முதல் நாளிலிருந்தே அவர்தான்.

"ஆமா அண்ணி."

"ஏதாவது காரணம் இருக்கும்" என்று சொல்லி மறுபடி மிதித்தார்.

முதல் பாகம் முழுக்கக் காரணம் இருந்தது. குதிரைக்காரன் ஒற்றன் என்று தெரியவந்தது. அண்ணி எனக்குத் தேநீர் கொடுத்தார். இரண்டாம் பாகத்தில் அவன் ஒற்றனே இல்லை, சங்கம்தான் பொய் சொல்லியிருக்கிறது என்று வந்தது. தேநீர் வந்தது, சர்க்கரை இல்லை. எனக்கே சில நாட்களில் தலை சுற்றியது. யாருக்காகக் கொல்கிறான், யாரைக் காப்பாற்ற யாரைக் கொல்கிறான், கொன்றதற்கு அழுகிறானா, அழ முடியாததற்கு அழுகிறானா? முழுதும் படித்தவன் என்று பெயர். லிஃப்ட்காரர் இடைவேளையில் பனியனோடு வெளியே வந்து, "போன வாரம் அந்தக் கோட்டைக்காரனுக்கு வேலை செஞ்சான். இந்த வாரம் அவனையே முடிச்சுட்டான். நாளைக்கு என்ன சொல்லப்போறான்?" என்பார். நான் குனிந்துகொள்வேன்.

அடி எல்லாம் அவருக்குத்தான் விழுந்தது. "எழுதினவன் கொல்றான், எனக்கு ஆறின சோறு. நான் என்னப்பா பண்ணேன்? அண்ணி தட்ட 'டங்'குன்னு வச்சுட்டுப் போறாங்க" என்பார். வேறொரு நாள் முகம் மலர்ந்து வருவார். "நேத்து நம்ம ஆளு எரியற கோபுரத்துலேருந்து ஒரு குழந்தையத் தூக்கிட்டு வந்தான் பாரு, எனக்கு ரெண்டு முட்டை."

ஆனால் அண்ணி சிரிக்கிற நிலையில் இல்லை. ஒருநாள் நான் போனபோது பெட்டி ஓடவில்லை, இயந்திரமும் ஓடவில்லை. உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல இருந்தவரைக்கும் நல்லவர்தான். அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வெளிய எப்படி இருந்தாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த எடைமேடைக்கு ஒரு நாளும் போய்ப் பாத்ததில்ல."

"இது கதை அண்ணி."

"கதைன்னு எனக்குத் தெரியாதா?" என்று முறைத்தார். பிறகு, "கதைதான். குரல் கதையா?" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"அந்த 'ஒண்ணுமில்ல'ய மட்டும் எடுத்துடச் சொல்லுப்பா. அது ஒண்ணு மட்டும் வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அது புத்தகத்தில் கிடையாது. சாம்பல் கொல்லப்போகும் ஆளிடம் "கண்ணை மூடிக்கொள்" என்பான். தாளில் அவ்வளவுதான் இருக்கும். லிஃப்ட்காரர் வாசிக்கும்போது, "ஒன்றுமில்லை, கண்ணை மூடிக்கொள்" என்று வந்துவிடும். முதல் தடவை நிறுத்திச் சொன்னபோது அவர் நம்பவில்லை. தாளைக் காட்டினேன். பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முதலாளி, நன்றாயிருக்கிறது, இருக்கட்டும் என்றார். அப்படியே நாலைந்து இடங்களில் வெளியே போய்விட்டது.

அண்ணி சொன்னார். அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது அவருக்கு மாதக்கணக்கில் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கால் வீங்கியிருக்கிறதே என்றால் ஒண்ணுமில்ல. சாப்பிடவில்லையே என்றால் ஒண்ணுமில்ல. ஒரு காலையில் ஆட்டோவை வரவழைத்து, சட்டையை மாட்டிக்கொண்டே, "ஒண்ணுமில்ல, ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வந்தது அவரில்லை.

"கூட வரேன்னேன். ஒண்ணுமில்லன்னுட்டாரு. நானும் சரின்னு துணி வெட்ட உக்காந்துட்டேன். இப்ப இவரு ஒவ்வொருத்தனையும் கொல்றதுக்கு முன்னாடி அதையே சொல்றாரு. அந்த ஆளுங்களும் நம்பிக் கண்ண மூடிக்கறாங்க." கத்தரிக்கோலை எடுத்தார், வெட்டாமல் வைத்தார். "என்னை ஏமாத்தினாரா, இல்ல பயப்பட வேணாம்னு சொன்னாரா, அதுதான் எனக்குப் புரியல. நீ முழுசாப் படிச்சவன்தானே. சொல்லு, இவரு நல்லவரா கெட்டவரா?"

"ரெண்டும்தான் அண்ணி" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"ரெண்டும்னா ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். அண்ணி அவசரமாக, தாழ்ந்த குரலில் கேட்டார். "சரி, வேற எதுவும் வேணாம். கடைசியில செத்துடுவாரா? அத மட்டும் சொல்லு. இன்னொரு தடவ என்னால முடியாது."

கதையைப் பற்றி யாராவது வாய் திறந்தாலே லிஃப்ட்காரர் காதைப் பொத்திக்கொள்வார். அன்றும் பாதிப் படியில் புரிந்துகொண்டு, அப்படியே திரும்பிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் நான் சொன்னேன்.

"சாகமாட்டார்."

அது உண்மை. சாம்பல் சாவதில்லை. ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்திலும் உயிரோடு ஒரு மேட்டில் நின்றுகொண்டிருக்கிறான். ஆனால் நான்காம் பாகத்தின் நடுவில், தான் சொல்லி நம்பவைத்துக் கொன்றவர்களுக்காக, ஒரு மலைமடத்தில் போய், தொண்டையைச் சுடும் ஒரு சாற்றைக் குடிக்கிறான். அதற்குப்பிறகு அவன் பேசுவதேயில்லை. ஒன்றரைப் பாகம், வெறும் தலையசைப்பு. இதையும் சொல்லியிருக்க வேண்டுமா? அண்ணி கேட்டது சாவைப் பற்றி மட்டும்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது நியாயமா, தந்திரமா என்று வழியெல்லாம் யோசித்தேன். வீடு வந்துவிட்டது, முடிவு வரவில்லை.

'ஒண்ணுமில்ல'யைப் பற்றி மட்டும் லிஃப்ட்காரரிடம் மறுநாள் சொன்னேன். அண்ணி சொன்ன கதை முழுவதையும் சொன்னேன். "எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றார். வெகுநேரம் குடுவையின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தச் சொல் வாயில் வந்தால் அவரே கையைத் தூக்கிவிடுவார், நான் நறுக்கிவிடுவேன்.

நான்காம் பாகத்தின் அந்த நாள் வந்தது. நான் காலையிலிருந்தே குனிந்திருந்தேன். கதையில் சாம்பலும் ஒரு படகுக்காரப் பெண்ணும் மலைமடத்துக்குப் போகிறார்கள். செங்குத்தான பாறை; மேலேயிருந்து கயிறு தொங்குகிறது. அவள் தயங்குகிறாள். "கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ ஏறு" என்கிறான் சாம்பல். இதுதான் அவன் பேசும் கடைசி வாக்கியம். கதையில் அதற்கு ஒரு சிறப்பும் இல்லை. அடுத்த வரியிலேயே அவள் ஏறிவிடுகிறாள், மழை சற்றுக் குறைகிறது, ஆடு கத்துகிறது.

லிஃப்ட்காரர் தோளை இறக்கினார். "ஒன்றுமில்லை, கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ ஏறு" என்றார். சொன்னதும் கையைத் தூக்கினார். தவறிவிட்டது. சைகையிலேயே, நறுக்கிவிடு என்றார். நான் தலையசைத்துக் குறித்துக்கொண்டேன். மேலே படித்தார்.

மடம் வந்தது. சாறு வந்தது. குடித்தான். இரண்டு பக்கம் வலி. பிறகு படகுக்காரப் பெண் அவனிடம் எதையோ கேட்கிறாள். லிஃப்ட்காரரின் தோள் இறங்கியது, அண்ணன் குரலுக்குத் தயாராக. தாளில், 'அவன் தலையை மட்டும் அசைத்தான்' என்றிருந்தது. தோள் பழைய இடத்துக்கு வந்தது. அடுத்த பக்கத்தில் மடத்துத் தலைவர் கேட்கிறார். தோள் இறங்கியது. 'அவன் பதில் சொல்லவில்லை.' தோள் ஏறியது. ஒரு கோட்டைத் தளபதி அவனை வாளோடு மறித்து, உன் பெயர் என்ன என்று கேட்கிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பது தாங்கக்கூடியதாக இல்லை. நான் படிக்கும் கவிதைகளில் இப்படி நடக்கும். முடிந்ததாகவே தோன்றாத ஒரு வரி, தாளைத் திருப்பினால் வெற்றுப்பக்கம். அங்கே அது அழகாக இருக்கும்.

தளபதிக்கும் பதில் கிடைக்கவில்லை. லிஃப்ட்காரர் தாளைக் கீழே வைத்தார்.

"கண்ணாடி. நிமிந்து பாரு."

நிமிர்ந்தேன்.

"இவன் இதுக்கப்புறம் பேசுவானா மாட்டானா?"

முதன்முறையாக ஒரு கதையில் பின்னால் என்ன நடக்கும் என்று என்னைக் கேட்கிறார். நான் பேசும் பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். அவருக்கு அந்தப் பக்கம் என் மூச்சு கேட்டிருக்க வேண்டும்.

"மாட்டான் சார்."

"அப்ப கடைசியா என்ன பேசினான்?"

"கயிறு சார்."

"கயிறா." நாற்காலியில் தொங்கிய சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அதையா சும்மா போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டேன்? திரும்ப எடுக்கலாம்பா. நல்லாச் சொல்றேன்."

எடுத்தோம். அந்த ஒரு வாக்கியத்தை அன்று எத்தனை விதமாகச் சொன்னார் என்று எனக்குக் கணக்கில்லை. ஒன்றில் குரல் நடுங்கியது. ஒன்றில் நிறுத்தி நிறுத்தி, பாறையில் செதுக்குகிறவர்போலச் சொன்னார். ஒன்று மிக அழகாக இருந்தது, ஆனால் அண்ணன் இல்லை, லிஃப்ட் பேசியது. முதலாளி கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "ஒரு கயித்துக்கு இவ்வளவு நேரமா சார்?" என்று கேட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்து மூடிக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாத்துலயும் இவனுக்குத் தெரிஞ்சிருக்குப்பா, இதான் கடைசின்னு. முதல்ல சொன்னதுல தெரியல." சட்டையை மாட்டிக்கொண்டார். "அதையே வை. அந்தச் சொல்ல மட்டும் எடுத்துடு."

எடுத்தேன். 'ஒன்றுமில்லை' போனது. அதற்கு முன்னால் அவர் இழுத்த மூச்சை மட்டும் நறுக்க முடியவில்லை. நறுக்கினால் வாக்கியம் தலையில்லாமல் தொடங்கியது. மூச்சை விட்டுவைத்தேன்.

பென் டிரைவை அன்று இருவருமாகக் கொண்டுபோனோம். பதிவான குரலைத் தன் காதால் கேட்பது அவருக்குப் பிடிக்காது. இருந்தாலும் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கமான துணிக்கட்டில் உட்கார்ந்தேன். அண்ணி தைத்துக்கொண்டே கேட்டார். பாறை வந்தது. கயிறு வந்தது. ஒரு மூச்சு. "கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ ஏறு."

மிதி நின்றது.

"இங்க ஏதோ சொல்ல வந்து, சொல்லாம விட்டுட்டாரு" என்றார் அண்ணி.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். அந்த மூச்சு வரும்போது தலையைச் சாய்த்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போனார். இன்னொரு தடவை.

"என்ன சொல்ல வந்திருப்பாரு தம்பி?"

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எடுத்துவிடு என்று கேட்டதும் அண்ணிதான். இப்போது அதைத் தேடுவதும் அண்ணிதான். சொல்லிவிட்டால் நல்லதா, சொல்லாமலிருந்தால் நல்லதா?

"சரி, மேல ஓடட்டும். அப்புறம் சொல்லுவாரு" என்று அண்ணி இயந்திரத்தை மிதிக்கப் போனார்.

"சொல்லமாட்டான் அண்ணி." லிஃப்ட்காரர் எழுந்து நின்றுகொண்டார். "இனிமே அவன் பேசமாட்டான். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ சாகமாட்டாருன்னு சொன்னே."

"சாகல அண்ணி. கடைசிவரைக்கும் இருக்கார். பேசமாட்டார்."

"இருப்பாரு."

"ஆமா."

"பேசமாட்டாரு."

"ஆமா அண்ணி."

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்த உறையை உதறி, ஓரத்தை நேராக்கி, ஊசிக்கு அடியில் வைத்தார்.

"அப்ப வீட்டுல இருந்த மாதிரியேதான்" என்றார்.

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் வேறெதுவாகவோ மாறி, இருமலில் முடிந்தது. அண்ணி சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை; கண்ணாடி மூக்கு நுனியிலேயே இருந்தது.

"நிறுத்தாதப்பா, ஓடட்டும்" என்றார் என்னிடம். "எங்க இருக்காருன்னாவது பாப்போம்."

பொத்தானை அழுத்தினேன். சாறு, வலி, மடத்தின் மணி எல்லாம் கடந்து போயின. இயந்திரம் கடகடவென்று ஓடியது. படகுக்காரப் பெண் அவனிடம் எதையோ கேட்டாள், இயந்திரம் நின்றது. அவன் தலையை மட்டும் அசைத்தான் என்று லிஃப்ட்காரரின் வாசிப்புக் குரல் சொன்னது. "ம்" என்றார் அண்ணி, இயந்திரம் மறுபடி ஓடியது. மடத்துத் தலைவர் கேட்டார், நின்றது. தளபதி கேட்டான், நின்றது. படியில் லிஃப்ட்காரரின் தோள், ஒவ்வொரு தடவையும், கொஞ்சம் இறங்கி ஏறியது.